ஹபீப் பாய் கடையில் பேசிய பேச்சு

ஹபீப் முகமதுவுக்கு வாய் சாப்பிட மட்டும்தான் என்று நீலகிரியில் கட்டபெட்டு பஜாரில் கேலி பேசுவார்கள். எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்திலேயே அப்படித்தான். ஊரில் பாதிப் பேருடைய குடும்ப ரகசியம் அவர் கடை வழியாகத்தான் போனது. ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. "இவருகிட்ட ஒரு வம்பு கேட்டு வாங்க முடியுமா? பாறைல போய் முட்டிக்கலாம்" என்று அவர் மனைவி சைனம்புவே நொந்துகொள்வாள்.

பசுந்தேயிலை அடிமாட்டு விலைக்கு விழுந்து, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, ஆண்கள் திருப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் கிளம்பினார்கள். பூத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பேசினால் கட்டுபடியாகாது. பாய் பூத்தை எடுத்துவிட்டு, நாலைந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெட் போனில் ஷார்ஜாவுக்கு மலிவாகப் பேசலாம்.

ஆனால் நடுக்கடையில் உட்கார்ந்து புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? பெண்கள் கூச்சப்படுவதைப் பார்த்த பாய், மூடிய ஃபேக்டரி ஒன்று ஏலத்தில் விட்ட தேயிலைப் பெட்டிகளை வாங்கி, அந்தப் பலகையில் ஓர் அறை அடித்தார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், சத்தம் வெளியே போகாமல் சுற்றிலும் கம்பளி. யாராவது பேசப் போனால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொள்வார். மழையானாலும் பனியானாலும் அப்படித்தான். "செவுத்துக்குக்கூடக் கேக்காது தங்கச்சி, மனசு விட்டுப் பேசுங்க" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதை நம்பித்தான் ஞானசுந்தரி அன்று உள்ளே போனாள். அவள் புருஷன் மாரிச்சாமி ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பார்த்தவன், இப்போது ஷார்ஜாவில். மகளுக்கு எமரால்டு என்ற ஊரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. இந்த நேரம் பார்த்து ஞானசுந்தரியின் மார்பில் கட்டி. கோயமுத்தூர் டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். கல்யாணம் முடியட்டும், அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது என்று புருஷனிடம் அழுதாள். எந்த இடம், எவ்வளவு பெரிசு, தொட்டால் எப்படி வலிக்கிறது என்று தாலி கட்டியவனிடம் மட்டும் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னாள். வெளியே பாய் தூறலில் நனைந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரச் சந்தைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று எமரால்டுக்காரர்கள் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். ஞானசுந்தரி கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க பாய், டாக்டரை உட்டா எனக்கும் எம்பட வூட்டுக்காரருக்கும் மட்டும் தெரிஞ்ச சேதிங்க. நடுவுல நீங்கதான இருந்தீங்க?"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி."

அவள் திட்டக்கூட இல்லை, திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு பெண்ணும் நுழையவில்லை. பாயைக் கண்டால் பஜாரில் பேச்சை நிறுத்தினார்கள். வாயைப் பூட்டியே வாழ்ந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்! அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் சரிபார்க்க ஊட்டியிலிருந்து வரும் நௌமான்தான் கண்டுபிடித்தான். கடைசி மேசைக் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு புரோகிராமைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"எல்லாமே ஒரே லைன் பாய். ரூமுக்குள்ள பேசறதும் இந்த வயர்லதான் போகுது, பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. இங்க உக்காந்து எவன் வேணா புடிச்சு ரெக்கார்டு பண்ணலாம்."

எதையோ தட்டினான். ஞானசுந்தரியின் அழுகை கேட்டது. பாய் பதறிப்போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"அழிச்சுடு."

"அழிச்சுட்டா உங்க மேல தப்பில்லேன்னு எப்படிக் காட்டுவீங்க? பஜார்ல நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க."

"அந்தப் பொம்பள அழுவுறத நாலு பேருக்குப் போட்டுக் காட்டவா? அழிடா!"

நௌமான் அழித்தான். ஆனாலும் அவளிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று பாய்க்கு மனசு அடித்துக்கொண்டது. அந்த ஆசையை யார் குறை சொல்ல முடியும்?

அவர் ஃபேக்டரி ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனபோது ஞானசுந்தரி ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாய் வாசலில் நின்றபடியே வயரைப் பற்றிச் சொன்னார். வேலையில்லாமல் கடைசி மேசையே கதி என்று கிடக்கும் பையன்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டதைச் சொன்னார்.

"நான் சொல்லல தங்கச்சி. இப்பவாவது நம்புவீங்களா?"

அவள் நம்பிவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது. பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அவள் முந்தானையை இழுத்து மார்பைப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்கன்னு நெனச்சப்ப, நான் அழுது சொன்னதெல்லாம் ஒருத்தரு காதுலதான உழுந்துச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டேனுங்க பாய். எத்தன பசங்க கேட்டாங்க?"

"அது தெரியல தங்கச்சி" என்றார் பாய்.

"நீங்களாவே இருந்திருக்கலாமுங்க" என்றாள் அவள்.