முப்பதடி ஹாலுக்கு ஒரு ஹீட்டர்

எங்கள் வீட்டு ஹால் முப்பதடி நீளம், இருபதடி அகலம். பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இவ்வளவு பெரிய ஹால் கிடையாது. ஆடியில் கூழ் வார்க்கும்போது நூறு பேர் உட்கார வேண்டும், திருவேற்காட்டுக்கு நடந்து போகிறவர்கள் மழை வந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. மூன்று பக்கமும் ஜன்னல் வைத்தேன். வெயில் தெரியாமல் இருக்கட்டும் என்று மேல்தளத்தையும் உயர்த்திப் போட்டேன். இதைச் சூடாக்க வேண்டி வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சென்னையில் யார் நினைப்பார்கள்?

போன கார்த்திகையில் என் மகளுக்கு எட்டாம் மாதமே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தொடுவதுதான் என் மகளுக்குக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு எடை ஒன்றே முக்கால் கிலோ.

அனுப்பும்போது நர்ஸம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். குழந்தையைத் தாய் நெஞ்சோடு ஒட்டி அணைத்தே வைத்திருக்க வேண்டும். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். சாம்பிராணிப் புகை கூடவே கூடாது. அறை இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் குடிக்கிற பாலெல்லாம் அதைச் சூடு பண்ணவே செலவாகிவிடும், எடை ஏறாது. வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள், எடை ஏறவில்லை என்றால் மறுபடி பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும் என்றார். என் மகள் புடவைத் தலைப்பால் குழந்தையை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு படுக்கை அறைகளிலும் மழைக்குச் சுவர் ஊறிப் போயிருந்தது. அதனால் தாயையும் பிள்ளையையும் ஹாலில்தான் படுக்க வைத்தோம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி வாங்கி மாட்டினேன். இருபத்து மூன்று காட்டியது. நமக்கு அது சுகமான குளிர்.

அன்றைக்கே அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய் ரூம் ஹீட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், ஊட்டிக்கு ட்ரான்ஸ்ஃபரா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிடங்கிலிருந்து மூன்று வகை எடுத்து வரச் சொன்னார். ஒன்று, கம்பி சிவக்கச் சிவக்க எரிவது. அது எதிரில் இருப்பதை மட்டும் சுடும், பிள்ளையின் தோலுக்கு ஆகாது. இன்னொன்று ஃபேன் வைத்தது. சீக்கிரம் சூடாகும், ஆனால் சத்தமும் வறண்ட காற்றும். மூன்றாவது எண்ணெய் ஹீட்டர். எண்ணெயை உள்ளே வைத்து மூடியது, பட்டை பட்டையாக மடிப்பு இருக்கும், கீழே சக்கரம். "இது கரண்டே இழுக்காது சார்" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் மண்ணூர்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறேன். ஆயிரம் வாட்ஸ் என்றால் எந்தப் பெட்டிக்குள் போட்டாலும் ஆயிரம் வாட்ஸ்தான், ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். வேண்டிய சூடு வந்ததும் தானாக நிற்கிறதா, வந்த சூடு எங்கே போகிறது, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் ஹீட்டரில் தானாக நிற்கும் வசதி இருந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனில் வேறொன்று சொன்னார். சூடும் தருகிற ஏசி இருக்கிறதாம். அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் சூடு கிடைக்குமாம். நியாயமான பேச்சு. கடைக்காரரிடம் கேட்டேன். உங்கள் ஹாலுக்கு இரண்டு வேண்டும், மாட்டுகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவார் என்றார். எனக்கு இருந்தது வெள்ளிக்கிழமை வரைக்கும். எண்ணெய் ஹீட்டரை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஞாயிறும் திங்களும் அது ஓய்வில்லாமல் ஓடியது. ஜன்னல்களை மூடி, போர்வைகளைத் தொங்கவிட்டோம். வெப்பமானி இருபத்து நாலரைக்கு மேல் ஏறவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கையை மேலே நீட்டிப் பார்த்தேன். ஃபேனுக்குப் பக்கத்தில் நல்ல கதகதப்பு. கீழே பாயில் இருந்து மகள், "ப்பா, பாப்பா காலு சில்லுனு கீதுப்பா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய ஹீட்டரை வாங்கி வந்து அதையும் சேர்த்துப் போட்டேன். வீடே இருட்டாகிவிட்டது. எங்கள் வயரிங் அதைத் தாங்காது.

செவ்வாய்க்கிழமை பகல் ஷிஃப்ட் முடிந்து என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் பார்க்க வந்தார். அவர் ஃபர்னஸ் பிரிவு, உலைச் சூட்டோடு பிழைப்பு நடத்துகிறவர். ஹாலை ஒரு சுற்று சுற்றி, அண்ணாந்து மேலே பார்த்தார்.

"அண்ணாத்தே, கையளவு பீஸ சூடு பண்றதுக்கு மொத்த ஷெட்டையும் ஃபர்னஸ் ஆக்கிகினுகீற. உன் கரண்ட்ல பல்லிதான் குளிர் காயுது."

என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். அவர் விடவில்லை. "சின்ன ரூமு எதுனா கீதா? வெளிச்சுவரு இல்லாம, ஊட்டுக்கு நடுவுல?"

எங்கள் மூன்று பேருக்கும் அது எது என்று தெரியும். எட்டடிக்கு ஆறடி, தாழ்ந்த தளம், ஜன்னல் கிடையாது, ஒரு பக்கம் சமையல்கட்டுச் சுவர். எங்கள் சாமி ரூம்.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் ஆகாமல் சாமி ரூம் வாசற்படியை மிதிக்க மாட்டாள். என் அம்மாவும் மிதித்ததில்லை, என் மனைவியும் மிதித்ததில்லை. அன்றைக்கு என் மகளுக்கு இருபத்து நாலாம் நாள். வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ரூமைத்தான் சொன்னேன், மற்றது உங்கள் இஷ்டம் என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் மகள்தான் முதலில் பேசினாள். "வேணாம்ப்பா. நாளைக்கு இவளுக்கு ஒரு ஜொரம் வந்தாக்கூட, அன்னிக்கு உள்ள போனதாலதான்னு சொல்லுவாங்க. மத்தவங்க சொல்லலன்னாலும் எனக்கே தோணும்ப்பா."

நான் போய் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து நான் அங்கே விளக்கேற்றாமல் வேலைக்குப் போனதில்லை. உத்தரவு ஒன்றும் கேட்கவில்லை, பூவும் விழவில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமும் இல்லை. அம்மன் இருக்கிற இடத்துக்குத்தானே இவள் போகக் கூடாது, அம்மன் வேறு இடத்தில் இருந்தால்? இது மட்டும்தான் மனதில் வந்தது. தப்பாக இருந்தால் அந்தத் தப்பு என்னுடையதாக இருக்கட்டும், பெற்றவள் மேல் வைக்காதே தாயே என்று கும்பிட்டேன். வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சாமிய ஹாலுக்கு மாத்திட்டா, அது வெறும் ரூமுதானே?"

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

மகளைப் பிள்ளையோடு சமையல்கட்டில் உட்காரச் சொன்னோம். குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஒவ்வொரு படமாக எடுத்தேன். ஹாலின் கிழக்கு மூலையில் மனைவி மேசை போட்டு மஞ்சள் துணி விரித்திருந்தாள். அம்மன், முருகன், பிள்ளையார், குலதெய்வத்துக் கலசம், கடைசியாகக் காமாட்சி விளக்கு. அந்த மூலைக்கு வேட்டியைத் திரையாகக் கட்டினேன். திரையை இழுத்துவிடுவதற்கு முன்னால் மனைவி அம்மனிடம், "இங்க காத்து கொஞ்சம் ஜாஸ்திதான் தாயே. பேத்திக்காகப் பொறுத்துக்கோ" என்றாள்.

எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து மெத்தை போட்டோம். ஹீட்டரைத் துணி எதுவும் படாமல் தள்ளி நிறுத்தினேன். காற்றுக்காகக் கதவைப் பாதி திறந்தே வைத்தேன். பாதி சூட்டில்தான் ஓடவிட்டேன். அங்கே கொண்டு வந்து மாட்டிய வெப்பமானியில் அரை மணி நேரத்தில் இருபத்தெட்டு. டக்கென்று ஹீட்டர் தானாக நின்றது. வாங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்தை அப்போதுதான் முதல்தடவையாகக் கேட்டேன்.

மகள் வாசற்படியில் நின்றுவிட்டாள். மனைவி அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். சுவரில் ஆணிகளும், படங்கள் இருந்த இடத்தில் வெளிறிய கட்டங்களும், அம்மன் இருந்த இடத்துக்குக் கீழே மஞ்சள் குங்குமப் பொட்டும் இருந்தன. அந்தப் பொட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கழித்து பிள்ளையின் சாக்ஸைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி மாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மேல் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். அது காலை உதைக்க உதைக்க எண் நிற்காமல் ஆடியது. மகள் எண்ணைப் பார்க்கவில்லை, நர்ஸம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பது கிராம் ஏறியிருக்கு" என்றார் அவர். "பெட்டி வேணாம். ஊட்லயே இருக்கட்டும். ரூம்ல எதுனா மாத்தினீங்களா?"

"சின்ன ரூமுக்கு மாறிட்டோம் சிஸ்டர்" என்றாள் மகள். எந்த ரூம் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் கேட்டாள். "நாப்பது முடிஞ்சதும் சாமிய உள்ள வெச்சிடுவோமாப்பா?"

"பனி போவட்டும்மா" என்றேன். "பாப்பா மூணு கிலோ ஆவட்டும். அதுவரைக்கும் அம்மன் ஹால்லயே இருப்பாங்க."

மனைவி குல்லாவைப் பிள்ளையின் காது மறையும்படி இழுத்துவிட்டாள்.