சிடியில் செத்துப்போன ரங்கசாமி

ரங்கசாமியைக் கண்டதும் பாலேந்திரன் மாஸ்டர் கையிலிருந்த மீன் பையைக் கீழே போட்டுவிட்டார். மலாக்கா பஸ் நிலையம், பட்டப்பகல், சுற்றிலும் ஜேஜே என்று கூட்டம். கெம்போங் மீனெல்லாம் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மனுஷர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ செத்துப்போயிட்டாயெல்லோ?" என்றார்.

ஜொகூர் எக்ஸ்பிரஸ் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு தே தாரே டீ குடிக்கலாம் என்று இறங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ரங்கசாமிக்கு முதலில் ஆளே பிடிபடவில்லை. வழுக்கை, கண்ணாடி, ரிட்டையர் ஆன வாத்தியார் களை. குரல்தான் காட்டிக்கொடுத்தது. எஸ்டேட் ஆபீஸ் கிராணி நவரட்ணத்தின் மகன் பாலா. ஒரு காலத்தில் இவன் பாட, பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவன். பார்த்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

"யாரு செத்தது? முன்னால குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேனேலா," என்றான்.

பாலேந்திரன் அவன் தோளைத் தொட்டார், மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அப்புறம் டிக்கெட் கவுண்டருக்கு முன்னாலேயே பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "உன்ர படத்தைக் கைகூப்பிக் கும்பிட்டனான்டா. மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தது. அழுதுகொண்டு வந்தனான்," என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

கொஞ்சம் பின்னால் போகாமல் இந்தக் கதை நகராது. மலாக்காவுக்கு வெளியே, சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். ரங்கசாமியின் அப்பா இருளாண்டி அங்கே லாரி ஓட்டினார். லாரி வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து அது நிற்கிற ஷெட்டுக்குள் ரங்கசாமி, பாலா என்று நாலு பயல்கள் புகுந்துகொள்வார்கள். அவர்கள் போடுகிற கூச்சலில் மரத்தில் பால் வற்றிப்போகும் என்று கங்காணி கரித்துக்கொட்டுவார். தி டேப்பிங் நைவ்ஸ் என்று பெயர் வேறு. பால்வெட்டுகிற கத்தியின் பெயரைச் சூட்டிக்கொண்ட ராக் பேண்டு உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. கோயில் திருவிழாவுக்கு வாங்கி மூலையில் போட்ட பழைய ஒலிபெருக்கியை எலி கடித்து ஓட்டையாக்கியிருந்தது. கிட்டாரை அதில் மாட்டினால் கரகரவென்று வண்டு குடைகிற சத்தம் வரும். வேறு வாங்க வக்கில்லாமல் அந்தச் சத்தத்தை வைத்தே பாட்டுக் கட்டினார்கள். அதற்கு மேலே ரங்கசாமி, அருள் வந்தவன் மாதிரி ஊளையிடுவான்.

1967இல் சிங்கப்பூரில் ஒரு சீனர் கம்பெனி, வாருங்கள், ஓர் இசைத்தட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று கூப்பிட்டது. கூப்பிட்ட நாள்தான் வினை. அன்றைக்குத்தான் கங்காணி மகளுக்கும் ரங்கசாமிக்கும் பரிசம் போடுவதாக இருந்தது. புடவை, வெற்றிலை, பழம் எல்லாம் தட்டில் காத்திருக்க, மாப்பிள்ளை விடியுமுன்னே பஸ் ஏறிவிட்டான். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் சொல்லுங்கள். லயத்துச் சனமெல்லாம் வாசலில் கூடி நின்று பார்த்தது. இருளாண்டி நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போய், உடுத்திய புது வேட்டியோடு தலைமுழுகினார். "எனக்கு மூத்தவன் இல்ல," என்று சொல்லிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் போனார்.

இசைத்தட்டு வந்தது. ஒரு ஈ காக்கை வாங்கவில்லை. பேண்டு கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து ரங்கசாமி வாசலில் வந்து நின்றபோது அப்பா கதவைச் சாத்தினார். சரி, கூப்பிடும்போது வருகிறேன் என்று இவனும் வீம்பாகத் திரும்பினான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது. ஜொகூரில் தொழிற்சாலை பஸ் ஓட்டினான், நிர்மலாதேவியைக் கட்டினான், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றான். போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று நிர்மலாதேவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். அவர் கூப்பிடட்டும் என்பான். வெளியேதான் இந்த முறுக்கு. அப்பா ஒரே ஒரு தடவை வரச்சொல்லிவிட்டால் ஓடிப்போய்க் காலில் விழத் தயாராக இருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை காலமும் காத்துக் கிடந்தான். எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு மாறி மலாக்கா ரூட்டு கிடைத்தது இந்த மாதம்தான். கிடைத்தும், பஸ் நிலையத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தானில்லை.

பாலேந்திரன் அவனைக் காரில் ஏற்றித் தெங்கேராவில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மேசைமேல் ஒரு சிடியை வைத்தார். அட்டையில் ஒரு பெரிய கண், அதற்குள்ளிருந்து தீ, தீக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் தலைமுடி. ஹாலந்துக்காரன் ஒருவன் போட்ட தொகுப்பாம். உலகமே மறந்துபோன அறுபதுகளின் கிறுக்குப் பாட்டுகளைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி, மூன்றாம் பாகம், நாலாம் பாகம் என்று போட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவன் நாட்டிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பைத்தியங்கள் உண்டாம்.

"கராஜ் ராக் என்று பெயர்," என்றார் பாலேந்திரன். "காரை வெளியில் விட்டிட்டு கராஜுக்குள்ள நின்று வாசித்தவை. நாங்கள் லாரியை வெளியில் விட்டிட்டு வாசித்தம்."

கூடவே ஒரு சின்னப் புத்தகம். ஏழாவது பாட்டு இவர்களுடையது. பாலேந்திரன் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னார். போதையின் உச்சியில் நின்று இந்த இளைஞர்கள் கிட்டாரின் குரலைச் சிதைத்திருக்கிறார்களாம். ஆசியாவிலேயே இப்படியொரு மனமயக்க ஒலி இல்லையாம்.

"போதையா? ஒரு கிளாஸ் கள்ளு வாங்கக் காசிருந்துச்சா நமக்கு? அது எலி கடிச்சதுலா," என்றான் ரங்கசாமி.

சிரிக்கப் போனவன் அடுத்த பக்கத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே செத்தது. அவனுடைய படம். மீசை முளைத்த புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. சுற்றிலும் சம்பங்கி மாலை, நெற்றியில் குங்குமம். கீழே இரண்டு வரி. பாடகர் 1968இல் காலமானார், குடும்பத்தார் இன்றும் அவர் படத்துக்கு மலர் சாத்துகிறார்கள்.

"யாரு சொன்னது?"

பாலேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஹாலந்துக்காரன் இவரைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறான். பாடியவரைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். இருளாண்டி குடும்பம் எஸ்டேட்டை விட்டுக் குருபோங் தாமான் குடியிருப்பில் சின்ன மகன் தம்புசாமியோடு இருக்கிறது என்று விசாரித்து, இவரே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுவரில் மாலை போட்ட படம். உங்கள் மூத்தவர் எப்போது என்று பாலேந்திரன் இழுத்ததற்கு, அறுபத்தெட்டில் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எங்கம்மாவா?"

"அவதான். உங்கட அப்பா பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தவர். வாயே திறக்கேல்லை."

அப்பா தலைமுழுகியது ரங்கசாமிக்குத் தெரியும். ஊருக்கு முன்னால் கோபத்தில் ஆயிரம் செய்வார்கள். வீட்டுக்குள் படம் மாட்டி, மாலை போட்டு, வந்தவனிடம் தேதி வேறு சொல்வார்களா? பெற்ற தாய் சொல்லுவாளா?

"இன்னொன்று கேள்," என்றார் பாலேந்திரன். "அந்த ஹாலந்துக்காரன் கையோடு கொண்டுவந்த கேசட்டில் நம்மட பாட்டைப் போட்டான். உங்கட அப்பா தலை குனிந்து முழுதும் கேட்டவர். முடிந்ததும், இன்னொரு தரம் போடச் சொன்னவர். பிறகு எழும்பிப் பின்பக்கம் போயிட்டார்."

"அப்பாவா? போடச் சொன்னாரா?"

"கையால் காட்டினார்."

அந்தக் கூச்சலைக் கேட்டால் லாரிச் சாவியை விட்டெறிந்த மனுஷன். ரங்கசாமி சிடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்தான். இது அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள வழக்கு, இன்றைக்கே முடித்துவிட வேண்டும். திரும்புகிற டிரிப்பை வேறொரு டிரைவர் தலையில் கட்டிவிட்டு குருபோங் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினான். வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகைதான். ரெண்டாவது தடவை கேட்டீங்களே, அப்புறம் ஏன்பா நான் செத்தேன்னு சொல்ல விட்டீங்க? மூன்றாவது தடவை நானும் நீங்களும் உட்கார்ந்து கேட்போம். கோபத்தில் ஏறியவன் இறங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பயந்துபோயிருந்தான்.

வரிசை வீடு, கிரில் கதவு. முப்பது வயசுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். தம்புசாமியின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்; பெயர் கலைமகள் என்று பின்னால்தான் தெரிந்தது.

"யாரு வேணுங்க?"

"நான் ரங்கசாமி. தம்புசாமிக்கு அண்ணன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நிறம் போய்விட்டது. "மாமா," என்று வாய் மட்டும் அசைந்தது. கையிலிருந்த சாவி பூட்டுக்குள் போகாமல் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. செத்தவன் வந்து நிற்கிறான் என்று பயப்படுகிறாள், பாவம் என்று ரங்கசாமி நினைத்தான்.

"பயப்படாதம்மா. அப்பா இருக்காரா?"

கலைமகள் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அவன் செருப்பை விட்டு உள்ளே போனான். எதிர்ச் சுவரில் அவன் படம், புத்தகத்தில் பார்த்த அதே படம். அதே மாலை. ஆனால் ஹாலந்துக்காரன் பிடித்த படத்தில் இல்லாத இன்னொன்று பக்கத்தில் தொங்கியது. அதுவும் மாலை போட்டது. வெள்ளைச் சட்டையில், மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, அவன் அப்பா.

கலைமகள் யாரைப் பார்த்து மாமா என்றாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் அப்பாவின் முகம் வந்திருக்கிறது, இத்தனை நாள் சொல்ல ஆளில்லை.

அம்மா பெத்தம்மாள் பின்பக்கத்திலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. கிட்டே வந்து அவன் கன்னத்தில் கையை வைத்தாள். கை அப்படியே இருந்தது.

"எப்பம்மா?" என்றான்.

"அந்த வெள்ளக்காரன் வந்துட்டுப் போன மறுமாசம்."

"கொள்ளி யாரு வச்சது?"

"தம்பி வச்சான்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்க வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒன்றே ஒன்று மிச்சம். "என்னை ஏம்மா சாகடிச்ச?"

அம்மா எதிரில் உட்கார்ந்தாள். "ஓடுனவன் படம் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு, நீ போன மறுவருசம் உங்கப்பா எடுத்து அடுப்புல போடப் போனாரு. செத்தவன் படத்த யாரும் எரிக்க மாட்டாங்கல்ல. பொட்டு வச்சேன், மாலை போட்டேன். அவரு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. அப்புறம் வெள்ளிக்கெழமையானா பாசார்லேர்ந்து அவரேதான் பூ வாங்கிட்டு வருவாரு. தம்பி அப்ப கைப்புள்ள, அவனும் அப்படியே நம்பிட்டான். இந்தத் தாமானுக்கு வந்தப்புறம் கேக்குறவங்களுக்கெல்லாம் அதையே சொல்லிட்டேன்."

கலைமகள் சுவரோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாட்டக் கேட்ட அன்னைக்கு, அவங்க போனதும் உங்கப்பா உள்ள வந்தாரு. மாலையக் கழட்டு, அவன வரச்சொல்லுன்னாரு."

ரங்கசாமி நிமிர்ந்தான். "என்ன சொன்னாரு?"

"அவன வரச்சொல்லுன்னாரு. நான்தான் பயந்துட்டேன்யா. மருமக என்ன நெனைப்பா, அக்கம்பக்கத்துல எந்த மூஞ்சியோட நிப்பேன்னு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இழுத்தேன். அதுக்குள்ள படுத்துட்டாரு."

"நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஜொகூர்ல பஸ் ஓட்டுறேன்னு ரொம்ப நாளாத் தெரியும்."

"தெரிஞ்சுமா? சாவுக்காவது ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாமேம்மா."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "எல்லா ஊருக்கும் சாவு சொல்ல ஆளு பொறப்பட்டாங்க. ஜொகூர்ல யாருக்கும் சொல்லணுமா அக்கான்னு வாசல்ல நின்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்லுவேன் ராசா? செத்தவனுக்குப் போய்ச் சாவு சொல்லிட்டு வாங்கன்னா?"