மாத்திரை போலிருந்த இட்லி ஐகான்

ஆப் செய்யும் தொழிலில், ஆறு மாதம் உழைத்துச் செய்ததை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். வெளியே ஒட்டிய நக அளவுப் படத்துக்கு மட்டும் ஊரே கருத்துச் சொல்லும். மும்பை செம்பூரில் நாலு பேர் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் ஐகான் வரைவது என் வேலை. என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஆறுதல் அடையலாம்.

தப்பான நம்பர்

தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கும் பொன்ராஜ் அண்ணாச்சிக்கு ஆப் செய்தோம். போனில் அமுக்கினால் மாட்டுங்கா, வடாலா வரை மாவு வீட்டுக்கே வரும். சிவப்புப் பின்னணியில் ஒற்றை வெள்ளை இட்லி வரைந்தேன். ஆப் வெளியான மூன்றாம் நாள், கடைக்குப் போன் செய்து ஒருத்தி காய்ச்சல் மருந்து கேட்டாள். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர். சின்னதாகப் பார்த்தால் என் இட்லி அசல் மாத்திரை.

அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார். "ஏம்மா, நம்ம மாவைத் தின்னா வயிறு வலிக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

எல்லாமும்

புது ஐகானில் இட்லி, தோசை, கிரைண்டர், தமிழிலும் இந்தியிலும் கடைப் பெயர், போன் நம்பர், மூலையில் ஒரு சிலுவை எல்லாம் வேண்டும் என்றார். வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. சொன்னதையெல்லாம் வைத்து, போனில் தெரியும் அளவுக்குக் குறைத்து நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கொசுவ அடிச்சு ஒட்டுன மாதிரில்லா இருக்கு?"

கடைசியில் பச்சைப் பின்னணியில் ஆவி பறக்கும் நாலு இட்லி என்று முடிவானது.

சிபாரிசு

வெளியான ஆப்பின் ஐகானை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. புதுப் பதிப்பு ஏற்ற வேண்டும், ஆப் ஸ்டோர்க்காரர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். சில நாள் ஆகும் என்றேன். அதற்குள் இருமல் மருந்து கேட்டு இன்னும் இரண்டு போன்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கன நம்ம ஊர்க்காரன் எவனாச்சும் இருப்பான். ரெண்டு கிலோ மாவு குடுத்து விடுதேன், சட்டுனு கையெழுத்துப் போடச் சொல்லு."

தெரியாத படம்

அனுமதி வந்தது. போன்களில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மறுநாள் காலை ஆர்டர் பாதியாகக் குறைந்தது. மும்பை வெயிலில் மாவு காத்திருக்காது. மத்தியானத்துக்குள் இரண்டு டிரம் பொங்கிப் புளித்துவிட்டது.

வாடிக்கையாளர் பட்டியலை வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மாட்டுங்காவில் ரிட்டயரான ஆபீசர் ஒருவர், ஆப்பையே அழித்துவிட்டதாக நிதானமாகச் சொன்னார். "தெரியாத எதையும் தொடாதீங்கோன்னு பேங்க்லேர்ந்து தினம் மெசேஜ் வரது. உங்க பச்சையை எனக்கு முன்னப்பின்ன தெரியாதேம்மா."

விரல் படித்தது

வடாலாவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவுக்குத் தமிழும் படிக்க வராது, இந்தியும் படிக்க வராது. "செவப்பப் பாத்து அமுக்குவேன், மாவு வரும். செவப்ப எதுக்குப் புடுங்குனீய?" என்று சண்டைக்கு வந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலு இட்லியை அப்படியே விட்டுவிட்டு, பின்னணியை மட்டும் பழைய சிவப்பாக்கி மறுபடி ஏற்றினேன். மறுபடி காத்திருப்பு. அந்த நாட்களில் அண்ணாச்சி பாதி மாவுதான் அரைத்தார்.

சிவப்பு திரும்பியதும் ஆர்டரும் திரும்பியது. நிம்மதியாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் மாவு வாங்க நின்ற பெண்ணின் போனில் என் நாலு இட்லி பளிச்சென்று இருந்தது. ஆசையை அடக்க முடியாமல், புதுப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். "படமா? அதுல படம் வேற இருக்கா?"

இப்போதெல்லாம் ஐகானை மாற்ற வேண்டுமென்று யார் வந்தாலும், அவர் விற்கிற சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.