வெறுங்கையோடு வந்தவர்களுக்கு நன்றி

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே மகள் எழுதுகிறேன். அழகாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. பொறுத்துப் படியுங்கள்.

அம்மா தொப்பம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னை வளர்த்தார். எத்தனை கஷ்டத்திலும் வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. யார் எதை நீட்டினாலும் மறுத்ததும் இல்லை. "குடுக்கறவங்க மனசு நோகக் கூடாதுடி" என்பார். அந்த நல்ல குணமே அவருக்கு எமனாக வந்தது.

சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகங்களும் போயின. டயாலிசிஸ் தொடங்கியது. குடிக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். நுரையீரலில் ஏறும். இதயம் இழுக்க மாட்டாமல் திணறும். படுக்கக்கூட முடியாமல் அம்மா மூச்சுக்குத் தவிப்பார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இதய வார்டில் தேற்றி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் நீங்கள் கிளம்பி வருவீர்கள். நோயாளியை வெறுங்கையோடு பார்க்கலாமா? இளநீர், சாத்துக்குடி, திராட்சை. "ஒரு வாய்தானே, குடிங்க!" ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். நாங்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

ஆஸ்பத்திரியையும் சும்மா விடமாட்டேன். இதய வார்டில், "பழம் நிறைய சாப்பிடுங்க, ஹார்ட்டுக்கு நல்லது" என்றார்கள். டயாலிசிஸ் பிரிவில், "பழம், இளநீர் தொடக்கூடாது. அதுல இருக்கற பொட்டாசியம் ஹார்ட்டையே நிறுத்திரும்" என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடம், மாடியும் கீழும். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் வாயிலிருக்கும் முத்து கொட்டிவிடுமா? திட்டு மட்டும் அம்மாவுக்கு. "திரும்பத் திரும்ப வர்றீங்களே, சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னால் ஒரு டாக்டர் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி முறை வீடு திரும்பிய மறுநாள், அம்மாவின் அண்ணன், என் மாமா, தொப்பம்பட்டியிலிருந்து ஒரு குலை இளநீரோடு வந்தார். "கூடவே கூடாது மாமா" என்று வாங்கி வெளியே வைத்தேன். மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு காய் வெட்டியாகிவிட்டது.

"நம்ம தோப்புக் காய் அம்முணி, மருந்தே அடிக்கறதில்ல. பாவம், ஆசையாக் குடிச்சுது" என்றார் மாமா.

"ஏம்மா குடிச்சே?" என்று கத்தினேன்.

"அண்ணன் அம்புட்டுத் தூரம் பஸ்ல தூக்கிட்டு வந்திருக்கு. எப்படிடி வேணாங்கறது?"

சாயங்காலம் அம்மாவின் கைகால்கள் துவண்டன. ஆட்டோவிலேயே இதயம் நின்றுவிட்டது.

'அன்பில் செய்தது, குறை சொல்லாதே' என்கிறீர்கள். அன்பில்தான் செய்தார், எனக்குத் தெரியாதா? படித்துப் படித்துச் சொன்னேனே! சொன்னதைக் கேட்காத அன்பை வைத்து நான் என்ன செய்ய?

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த ஆட்டோக்காரருக்கும் நன்றி. எல்லாரையும்விட, அம்மாவோடு மில்லில் வேலை பார்த்த பேகம்பூர் சகிலா அத்தைக்கு நன்றி. "ஒண்ணும் கொண்டாரலக்கா, கோவிச்சுக்கிறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். உட்கார்ந்து அம்மாவுக்குக் கால் அமுக்கிவிடுவார். "நீ வந்தாத்தான்டி எனக்கு வேணாம்னு சொல்ற வேலையில்ல" என்று அம்மா சிரிப்பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா போன் செய்தார்.

"அம்முணி, வருசத் திதிக்கு நான் என்ன கொண்டாரட்டும்?"

"வெறுங்கையோட வாங்க மாமா."

மாமா அழுவது போனில் கேட்டது. என் கோபம் அப்போதும் தீரவில்லை.

"வந்து அம்மா படத்துக்கு முன்னால செத்த நேரம் உக்காருங்க. அது போதும்" என்றேன்.

நம் சொந்தத்தில் இன்னும் யாரோ ஒருவர் டயாலிசிஸ் முடிந்து வீட்டில் படுத்திருப்பார். பார்க்கப் போங்கள். வெறுங்கையோடு போங்கள். இந்த முறையாவது சொன்னதைக் கேளுங்கள்.