ஊசி குத்தும் முன் ஒரு கருத்துக் கேட்டவர்

காலை ஆறரை மணிக்கு நான் வேலை செய்யும் இடத்து டாக்டரிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. "கோமதி, மெஹர் போயிட்டாங்கம்மா. விடியக்காலைல நெஞ்சு வலின்னிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." என்றார்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியது. சேலத்திலிருந்து வரும் ஏழே முக்கால் பஸ்ஸில் மெஹர் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பதினோரு வருடங்களாக இருவரும் அந்த பஸ்ஸில்தான் நாமக்கல்லுக்கு வேலைக்குப் போனோம். அன்று நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, சேலம் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஹருன்னிசா அவர்கள் நாமக்கல்லில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவராக இருந்தார். நான் அங்கே வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, அறிக்கையைக் கொடுப்பவள். அவருடைய வேலை ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு ரப்பர் பட்டை, ஊசிகள், பஞ்சு. அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஊசி குத்தியது நினைவிருக்காது. அக்காவோடு சண்டை போட்டது நினைவிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு பெரியவர் வந்தார். மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு. ஊசியைப் பார்த்ததும் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அக்கா அவருடைய கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கேட்டார்.

"அண்ணே, சினிமாக்காரங்க கட்சி ஆரம்பிக்கிறது சரின்னு நினைக்கறீங்களா?"

"அதெப்படிங்க சரியாகும்? நடிக்கறவங்க நடிக்க வேண்டியதுதானுங்களே?"

"ஏன், வக்கீல் வரலாம், வாத்தியார் வரலாம், நடிகர் மட்டும் வரக்கூடாதா?"

"நீங்க என்னங்க இப்படிப் பேசறீங்க? வெயில்ல நின்னு ஓட்டுப் போடறவனுக்குத்தானுங்க தெரியும்..." என்று அவர் ஆரம்பித்தார். தொகுதி, தண்ணீர், ரோடு என்று வரிசையாக வந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்க. கையை மடக்கிப் பிடிச்சுக்கோங்க. ஆனா நீங்க சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு வெளியே போகாமல் பத்து நிமிடம் நின்று வாதாடிவிட்டுத்தான் போனார்.

இந்த அம்மா ஓயாமல் பேசுகிறவர் போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் பஸ்ஸில், "ஏங்கக்கா, எல்லார்கிட்டயும் இப்படி மல்லுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். நாமக்கல் பேச்சில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே வார்த்தை 'சாமி'. என்னை எப்போதும் அப்படித்தான் அழைப்பார்.

"வலிக்குதான்னு கேட்டா வலிக்கும் சாமி. கருத்து சொல்ற மனுசன் தன் கையை மறந்துடறான். அவர் 'ஆமா'ன்னுட்டா பேச்சு முடிஞ்சு போயிரும். அதனால நான் எதிர்ப்பக்கம் நின்னாகணும்."

அதன் பிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கக் கவனிக்க வியப்பாக இருந்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குரிய கேள்வி அக்காவிடம் தயாராக இருக்கும். கல்லூரிப் பெண்கள் வந்தால், போன வாரம் கல்யாணம் செய்துகொண்ட நடிகையின் முகூர்த்தப் புடவை நன்றாக இருந்ததா என்பது. பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் வந்தால், தேர்தலில் மூன்று முறை தோற்றவருக்கு நான்காம் முறையும் சீட் கொடுக்கலாமா என்பது. வயதான பெண்களிடம், தயிர் சாதத்துக்கு ஊறுகாயா மோர் மிளகாயா என்று கேட்பார். கடைசிக் கேள்விக்கு வந்த கோபத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். கிரிக்கெட் நடுவர் ஒருவர் கொடுத்த தீர்ப்பைப் பற்றி ஒருநாள் இருவருக்கும் பலத்த வாக்குவாதம். மறுமுறை அவர் வந்தபோது அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அக்கா எழுந்து நின்றார். "சார், போன தடவை நான் சொன்னது தப்பு. விதியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாராவே வாழ்நாள் போயிருச்சும்மா. தான் சொன்னது தப்புன்னு எங்கிட்ட வந்து ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

நினைத்துப் பார்த்தால், கருத்துச் சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கையிலிருக்கும் போனைத் திறந்தால் அதுதான் கொட்டுகிறது. ஆனால் சொன்ன கருத்தை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று திரும்ப வாங்கிக்கொண்ட ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி நான் சொல்லப்போவது அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த மிகக் கடினமான நாள்.

செங்கோட்டுவேல் என்று ஒருவர் மாதந்தோறும் சர்க்கரை அளவு பார்க்க வருவார். சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டினார். அக்காவோடு வாதம் செய்வதற்கென்றே சீக்கிரம் வந்து உட்கார்ந்திருப்பார். அன்று பக்கத்து நாட்டோடு கிரிக்கெட் ஆட்டம். ஊரெல்லாம் அதே பேச்சு. அக்கா பட்டையைக் கட்டிவிட்டு வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு மேட்ச்சுல நீங்க எந்தப் பக்கமுங்க?"

சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஒருவர் மட்டும் கூடச் சிரித்தார். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

அக்காவின் கையில் ஊசி இருந்தது. நரம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ரத்தம் எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்தினார். சோதனைக் குழாயில் பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டினார். அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இத்தனை வருசமா உங்களோட பேசறேன். நான் எந்தப் பக்கம்னு உங்களுக்கு இன்னும் தெரியலைன்னா எனக்கு வருத்தமா இருக்குங்க. கையை மடக்கிக்கோங்க. அஞ்சு நிமிசம் அழுத்திப் பிடிங்க."

செங்கோட்டுவேல், "சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க கேட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்று மீதியிருந்தவர்களிடம் அக்கா எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. "டாக்டர்கிட்டச் சொல்லட்டுங்களா? அந்தாளை இனி வர வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாதே சாமி. அவருக்குச் சர்க்கரை பார்த்தாகணும். எனக்கு ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு. நான் வெளையாட்டாக் கேக்கற மாதிரியே அவரும் கேட்டாரு. ஆனா அது வெளையாட்டு இல்லை."

மறுநாள் காலை பஸ்ஸில் எப்போதும்போல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். முதலில் வந்து உட்கார்ந்தவரிடம், டிவியில் சமையல் போட்டி நடத்துகிறார்களே, அது தேவைதானா என்று ஆரம்பித்தார். செங்கோட்டுவேல் மட்டும் அதன் பிறகு வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது ஊரில் காய்ச்சல் பரவியது. ஒரு பகலில் செங்கோட்டுவேல் தன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். பத்து வயதுக் குழந்தை, பெயர் யாழினி. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடமே விவரம் சொன்னார். அக்கா குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார். டெங்கு என்று தெரிந்தது. ரத்தத்தில் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. குழந்தை வயிற்று வலி என்று முனகிக்கொண்டிருந்தது. டாக்டர் அறிக்கையைப் பார்த்ததும், "தாமதிக்காதீங்க, உடனே சேலம் கொண்டு போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டார்.

செங்கோட்டுவேல் நகரவில்லை. "காய்ச்சல் நேத்தே விட்டுருச்சுங்க. ஊட்டுல பப்பாளி இலைச் சாறு கொடுத்துட்டிருக்கறோம்" என்றார். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடிகர், ஆஸ்பத்திரி வேண்டாம், இலைச் சாறே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவரே சொல்றாருங்க. அவருக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகணும்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. கத்தியிருப்பேன். அதற்குள் அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அவரைப் பிடிக்கும்ங்க. அழற சீன்ல அவரை மாதிரி நடிக்க ஆளில்லை. உங்க லாரிக்கு பிரேக் பிடிக்கலைன்னா அவருக்கு போன் பண்ணுவீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மெக்கானிக்கிட்டப் போவேனுங்க."

"இத்தனை வருசமா நான் உங்ககிட்ட எத்தனையோ கருத்துச் சொல்லியிருக்கேன். எதையும் நீங்க ஒத்துக்க வேண்டாம். ஆனா இது கருத்து இல்லீங்க. இது எண்ணிப் பார்த்தது. மெஷின் ஒரு தரம் எண்ணுச்சு. நம்பிக்கை இல்லாம நானே கண்ணாடித் துண்டுல வச்சு மைக்ரோஸ்கோப்புல இன்னொரு தரம் எண்ணினேன். காய்ச்சல் விட்ட பிறகுதான் இந்த நோய் மோசம் பண்ணும். எழுந்திரிங்க. நானும் கூட வரேன்."

அவர் எழுந்தார். மழையில் கார் பிடித்தோம். பின் சீட்டில் குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். கார் கிளம்பும்போது அவர் குழந்தையிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "யாழினி, கண்ணை மூடாதே. உங்க கிளாஸ்ல லீடர் யாரு? அந்தப் பிள்ளையை லீடரா போட்டது சரியா?"

ஆஸ்பத்திரியில், இன்னும் அரை நாள் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொன்னார்களாம். ஆறு நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பியது.

அடுத்த மாதம் செங்கோட்டுவேல் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் கேட்டது..."

"மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேங்க. மறக்கலை" என்றார் அக்கா. "நீங்களும் மறக்கலை பாருங்க, அது போதும். உக்காருங்க, கையை நீட்டுங்க. இந்த வருசம் கப் யாருக்குன்னு நினைக்கறீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து கையை நீட்டினார். அந்த மேட்ச் நாளை விட்டால், எதிர்வாதம் இல்லாமல் அக்கா அவருக்கு ரத்தம் எடுத்தது அந்த ஒருமுறைதான்.

அக்கா இறந்த அன்று, சேலத்தில் அவருடைய தெருவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் வாய் மூடியிருந்து நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவருடைய மகள் பர்வீன் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இனி எங்களுக்கு மேட்ச் பத்தி யாரு சொல்லுவாங்க?" என்றேன்.

பர்வீன் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அம்மாவா? அம்மாவுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது அக்கா. சினிமாவும் பார்க்க மாட்டாங்க. வீட்டுல டிவி போட்டா தலை வலிக்குதுன்னு நிறுத்தச் சொல்லுவாங்க. தினம் காலைல நான் சோறு கட்டிக் கொடுக்கறப்ப பக்கத்துல நின்னு கேப்பாங்க, நேத்து யாரு ஜெயிச்சா, யாரைத் திட்டறாங்க, எந்த நடிகைக்குக் கல்யாணம்னு. பரீட்சைக்குப் படிக்கற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாங்க. 'நாமக்கல்லுல கேப்பாங்கடி'ன்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு உட்கார்ந்திருப்பாங்க."

பதினோரு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். அவர் சொன்ன ஆயிரம் கருத்துகளில் எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் ஒரு நொடி வலிக்காக, தனக்குப் பிடிக்காத உலகம் முழுவதையும் ஒருவர் தினமும் காலையில் மனப்பாடம் செய்திருக்கிறார். இதைவிடப் பெரிய காரியத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

மதியத் தொழுகைக்கு முன் அவரை எடுத்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சந்தூக்குப் பெட்டியைச் சுமந்து தெருவில் இறங்கினார்கள். தெருமுனை டீக்கடையில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள் அரசியலோ ஆட்டமோ ஏதோ ஒன்றைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் நெருங்கியதும் கடைக்காரர் டிவியை நிறுத்தினார். பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர் யார் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தெரியாது. அத்தனை பேரும் வாய் மூடி நிற்க, அவர் அவர்களைக் கடந்து போனார்.

அக்கா, யாருக்கும் வலிக்கக் கூடாது என்று நினைத்த கை உங்களுடையது. அது இனி ஓய்வெடுக்கட்டும்.