ஐந்து மீனும் ஒரு முள்ளும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு உருப்படியாகப் போனவள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. நைனா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மூன்றாம் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை என்று எழுந்து வந்தவர். ஆகவே மருந்துச் சீட்டு, உர மூட்டை, செல்போனில் வரும் மெசேஜ் எல்லாம் என்னிடம்தான் வரும். இங்கிலீஷாக இருந்தால் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பேன். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. சத்தமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

நான் எட்டாம் வகுப்பு முடிக்க இருந்த பங்குனியில்தான் அந்தச் சத்தத்துக்குச் சோதனை வந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போக வேண்டும். பஸ் ஏறலாமா கூடாதா என்பதைச் சொல்ல வேண்டியவர் நைனாவின் அண்ணன், என் பெரியப்பா. வீட்டில் ஒரு கோழி விற்பதென்றாலும் அவரைக் கேட்காமல் விற்க மாட்டார்கள்.

"பொட்டப்புள்ள, எட்டாவது போதும். இதுக்கு மேல படிச்சி இன்னா கிழிக்கப் போவுது?" என்றார் பெரியப்பா.

"இன்னா பெரிய மாமா இப்படிச் சொல்லிட்டீங்க? பாப்பா இங்கிலீஷ் பேசுனா வெள்ளக்காரனே கைகட்டிக் கேப்பான்" என்றார் மாமா.

நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

மாமா செஞ்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தார். அது வயிற்றுக்கு. மனசெல்லாம் எங்கள் ஏரியில் கிடக்கும் விரால் மீன் மேல்தான். தவளை கட்டிப் போட்டார், மண்புழு கோத்துப் போட்டார், ஒருமுறை கருவாட்டைக்கூடக் கோத்துப் போட்டார். விரால் எதையும் மதிக்கவில்லை. கெண்டைகள்தான் வந்து தின்றுவிட்டுப் போயின.

ஒருநாள் சாயங்காலம் அவர் ஓட்டமாக வந்தார். கையில் கண்ணாடி விரிசல் விட்ட செல்போன். அதில் ஒரு வீடியோ. படகின்மேல் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், குடையின் துணியைக் கிழித்துவிட்டு எலும்பை மட்டும் வைத்தது மாதிரி ஒரு சாமானைக் கையில் பிடித்திருந்தார். ஐந்து கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு ரப்பர் மீன். தண்ணீரில் போட்டு இழுத்தால் ஐந்தும் சின்னக் கூட்டமாக வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. பின்னாலேயே ஒரு பெரிய மீன் வந்து லபக்கென்று கவ்வியது.

"ஒத்த மீனு போனா விரால் சந்தேகப்படுது. குடும்பத்தோட போனா நம்புது. பாத்தியா ரகசியத்த?" என்றார் மாமா. அப்புறம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத்த எப்படிச் செய்யறதுன்னு அவன் சொல்றான். இன்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு பாப்பா."

அம்மா, நைனா, பெரியப்பா எல்லோரும் வந்து சுற்றிலும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் செய்வது அது.

நான் கேட்டேன். இன்னொருமுறை போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பேசும் இங்கிலீஷில் நாலில் ஒன்றாவது பிடிபடும். இதில் 'யெஸ்', 'நோ' கூட இல்லை. சரி, மேலே உள்ள தலைப்பையாவது படிக்கலாம் என்று பார்த்தால், எழுத்தெல்லாம் எனக்குத் தெரிந்த ஏபிசிடிதான், வார்த்தைகள் மட்டும் எந்தப் பாடத்திலும் வராதவை. ஒரு 'ஏ' எழுத்துக்கு அடியில் வால் முளைத்திருந்தது. அது கண்ணாடி விரிசல் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் படித்தும் எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோனது. பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டால் பஸ் கிடையாது.

"இன்னா, ஊமையாட்டம் குந்திக்கினு?" என்றார் பெரியப்பா.

வெள்ளைக்காரர் ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சு கம்பி வேணுமாம்" என்றேன்.

மாமா தொடையைத் தட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. வெள்ளைக்காரர் கை போன பக்கமெல்லாம் என் வாய் போனது. நடுவில் இருந்த மீனைத் தொட்டார், நடு மீன் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு சாண் பின்தங்கி வர வேண்டும் என்றேன். வாலைச் சுண்டினார், வால் மெல்லிசாக இருந்தால்தான் ஆடும் என்றேன். மீனுக்கு ஒரு முத்தம் கொடுத்தார், முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டுமாம் என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து குடித்தார்.

"வெயில்ல நிக்கறதால தண்ணி குடிக்கணுமாம்."

"அது தண்ணி இல்ல பாப்பா" என்றார் மாமா, மிகுந்த மரியாதையோடு. "ஆனா அத்தயும் விடாம செஞ்சிடலாம்."

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள் அம்மா.

கடைசியில் வெள்ளைக்காரர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒரு நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒற்றை விரல். எங்கள் ஏரி குத்தகைக்குப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போடலாம். ஒரு ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு தூண்டிலுக்கு ஒரு முள் என்பது குத்தகைக்காரருக்கும் ஊருக்கும் இருந்த பேச்சு. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"அஞ்சு மீனு இருந்தாலும் முள்ளு ஒண்ணுதான் இருக்கணுமாம். நடு மீன்ல மட்டும். மீதி நாலும் சும்மா வேடிக்கைக்காம்."

பெரியப்பா புருவத்தைத் தூக்கினார். "அந்த ஊர்லயும் இதே பேச்சுதானா?"

"எல்லா ஏரிக்கும் குத்தகைக்காரன் உண்டுல்ல பெரிய மாமா" என்றார் மாமா. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது நான் கவனித்தேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"சரி. மீனு மாட்டுனா புள்ள படிப்பு நெசம்" என்று துண்டை உதறி எழுந்தார் பெரியப்பா. அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அடுத்த ஆறு நாளும் பரீட்சைக்குப் படித்ததைவிடத் தூண்டிலுக்குப் பாடுபட்டதுதான் அதிகம். கம்பிக்கு மாமா பரணில் கையை விட்டுத் துழாவினார். பெரியப்பாவின் பழைய குடை அங்கே கிடந்தது. அவலூர்பேட்டைச் சந்தையில் காற்றடித்து மல்லாந்து போனது, அடுத்த சந்தையில் ரிப்பேர் பண்ணலாம் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்தார். அதில் ஐந்து கம்பிகளை மாமா உருவினார். ஒன்றில் பெரியப்பா தன் கையாலேயே மஞ்சள் ஒயர் சுற்றியிருந்தார். நல்ல பிடிப்பாக இருக்கிறதே என்று மாமா அதை அவிழ்க்கவில்லை. பட்டறையில் ஐந்தையும் சேர்த்துப் பற்றவைத்தார். மீன்கள் என் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வந்தன. பிளேடால் நான் வெட்டினேன். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளியை ஒட்டி வயிறு செய்தேன். கண்ணுக்கு ஜமிக்கி வேண்டும். என் வகுப்புத் தோழியிடம் கேட்டேன். ஜைனர் வீட்டுப் பெண். எறும்பு போனால்கூட நின்று வழிவிடும் வீடு. எதற்கு என்று கேட்டாள், பொம்மைக்குக் கண் என்றேன். அது முழுப் பொய் இல்லை.

மாட்டுத் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். ஐந்து மீனும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு ஒரே பின்னலாகிவிட்டன. எருமை அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை.

"வெள்ளக்காரன் இன்னா சொன்னான் இதுக்கு?" என்றார் மாமா.

நான் கண்ணை மூடி வீடியோவை நினைத்துப் பார்த்தேன். கம்பிகள் சேரும் இடத்தில் ஏதோ தடிப்பாக இருந்தது. "தலைல கனம் வைக்கணுமாம்" என்றேன். மாமா அங்கே ஒரு ஈயக் குண்டை உருக்கி ஊற்றினார். அடுத்தமுறை விட்டபோது ஐந்தும் தலையைத் தாழ்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகும் குடும்பம் மாதிரி வரிசையாகப் போயின. நானே நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் பாதி ஊர் நின்றது. தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு இருந்தது. குத்தகைக்காரரின் ஆள் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னாடா இது, தூண்டிலா தோரணமா? அஞ்சு முள்ளு! எடுத்து உள்ள வை."

"எண்ணிப் பாருண்ணா" என்று நீட்டினார் மாமா.

அவர் ஒவ்வொரு மீனாக அழுத்திப் பார்த்தார். முதல் நாலிலும் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் கையைக் குத்திக்கொண்டு "ஆத்தாடி" என்றார். ஒரே முள். பேச்சு மீறப்படவில்லை. விரலைச் சப்பிக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

அதற்குள் பெரியப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இந்த மஞ்ச ஒயரு நான் சுத்துனது இல்ல?"

மாமா தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். "உங்க கொடைதான் பெரிய மாமா. வீணா கெடந்துதேன்னு..."

"மீனு வரலன்னா, கொடை வரணும்" என்றார் பெரியப்பா.

மாமா ஐந்து செருப்பு மீனில் நடு மீனுக்கு எல்லோரும் பார்க்க முத்தம் கொடுத்தார். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பை விட்டு வீசினார். முதல் வீச்சு வேலிகாத்தான் முள்ளில் மாட்டியது. இரண்டாவதில் ஒரு கூடை ஆகாயத்தாமரை வந்தது. "கூட்டு வைக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவதில் தண்ணீர் குபீரென்று எழும்பியது. நரம்பு விறைத்தது, உடனே தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் ஓரத்து மீன் ஒன்றில் பாதியைக் காணோம். முள் இல்லாத மீன்.

"போச்சு! அதுல முள்ளு இருந்தா மாட்டியிருக்கும்" என்று கத்தினார் பெரியப்பா. "ஒண்ணுதான் போடணும்னு எவன் சொன்னான்?"

கரையில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. எனக்குச் செஞ்சி பஸ், நான் இல்லாமல், கோட்டை மலையைத் தாண்டிப் போவது தெரிந்தது.

"ஒருவாட்டி கடிச்சா மறுபடியும் வருமாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அவசரப்படாம, மெல்லமா இழுக்கணுமாம்."

மாமா அதே இடத்தில் வீசினார். மெல்ல, மிக மெல்லப் பாட்டிலில் சுற்றினார். ஏரியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. படீரென்று ஒரு இழுப்பு. மாமாவின் கையிலிருந்த பாட்டில் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. விழுந்து, தானாகவே, எதிர்க்கரையை நோக்கிக் கிளம்பியது.

மாமா திகைத்து நின்றார். நகர்ந்தது பெரியப்பாதான்.

"யோவ், என் கொடை!" என்று அலறிக்கொண்டு வேட்டியோடு ஏரியில் இறங்கினார். பாட்டில் இடப்பக்கம் போனால் அவரும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் அவரும் வலப்பக்கம். கடைசியில் பாட்டிலைப் பிடித்து, நரம்பை வாரி இழுத்து, வந்ததன் மேல் அப்படியே விழுந்தார். எழுந்தபோது நெஞ்சோடு அணைத்த கையில் ஐந்து குடைக்கம்பி, நாலரைச் செருப்பு மீன், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். வேட்டி மட்டும் இல்லை. அது தனியாக மிதந்து வந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டோம்.

அன்றைக்கு விரால் குழம்பு. விராலைப் பிடித்தது தான்தான் என்று பெரியப்பா மூன்று தடவை சொன்னார். கை கழுவி வந்து துண்டை உதறினார். "புள்ள செஞ்சிக்குப் போவட்டும். குறவை மீனுக்கும் அந்த ஆளு ஏதாவது சொல்லியிருக்கானான்னு கேட்டு வை."

நான் போனேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷ வீடியோ என்னை விடவில்லை. ஒரு வார்த்தைகூடப் புரியாதவள் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அது வெளியே வருவதற்குள் கற்றுவிட வேண்டும் என்று பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி இங்கிலீஷ் படித்தேன். பன்னிரண்டாவதில் அதில் நான்தான் பள்ளியில் முதல். கல்லூரியிலும் அதையே எடுத்தேன். இப்போது முதுகலை.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது மாமா அதே வீடியோவைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். புதுப் போன், கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது.

"இப்பக் கேளு பாப்பா. நீ அன்னிக்குச் சொன்னது சரியான்னு பாப்போம்."

கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தலைப்பைப் பார்த்தேன். விரிசலே இல்லாத கண்ணாடியில் அந்த 'ஏ' எழுத்துக்கு வால் அப்படியே இருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது போலந்து நாட்டு மொழி. அன்று அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்து இங்கிலீஷ் தெரியாமல் முழித்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போனுக்குள் இருந்த வெள்ளைக்காரருக்கும் ஒருவேளை தெரியாமல் இருந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. தெளிவான கண்ணாடியில், அவர் கையில் இருந்த ஐந்து மீனிலும் முள் பளபளத்தது.

"மாமா, அஞ்சுலயும் முள்ளு இருக்குது" என்றேன்.

"அது அன்னிக்கே பாத்தேன்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியாது. முள்ளு கூடவா தெரியாது?"