ஒட்டுத் தெரியாத இறக்கை

வேலப்பன் தண்டையார்பேட்டையில் தேயிலைப் பெட்டிக்கு மரம் சீவும் பட்டறையில் பதினொரு வருஷம் வேலை செய்தவர். இலவ மரக் கட்டைகளை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து, எடுத்து இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். கைத்தோல் வெந்து உரிந்துகொண்டே இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் என்பதால், சோறு பிசையும்போது அவர் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1934 மாசியில் பட்டறையில் மாதிரி அறை திறந்தார்கள். உலர்ந்த இடத்தில் உட்கார்ந்து சின்ன மாதிரிப் பெட்டிகள் செய்யும் வேலை. பட்டறை முதலாளியான வெள்ளைக்காரத் துரை ஒரு பத்திரிகைப் படத்தைச் சுவரில் ஒட்டினார். எஞ்சின் இல்லாத விமானம். அதைப் போல மரத்தில் செய்து பறக்கவிடுகிறவனுக்கே அந்த வேலை என்றார்.

வேலப்பன் அந்த வேலைக்கு ஏங்கிப்போனார். ஆனால் மரம் வேண்டுமே. பட்டறைக் கழிவை விறகுக்கு எடுத்துப்போகலாம். ஒரு சாணுக்கு மேல் நீளமான துண்டு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அவர் சாண் துண்டுகளையே பொறுக்கினார். முனைகளைச் சரிவாகச் சீவி, ரேகைக்கு ரேகை பொருத்தி, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஒட்டினார். சொரசொரப்பான சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்கினார். இரண்டு முழ இறக்கை ஒரே பலகைபோல ஆனது.

"இன்னா மாமு, காக்கா செய்றியா?" என்றார் வீட்டுப் பக்கம் வந்த பட்டறை மேஸ்திரி அலி அக்பர்.

"காக்கா இல்ல தோஸ்து, பிளேனு."

"இதுக்குப் பண்ண நேரத்துல வூட்டுக் கூரைய மேஞ்சிருக்கலாம்" என்றாள் வேலப்பன் மனைவி கெங்கம்மா.

ராயபுரம் கடற்கரையில் முதல்முறை பறக்கவிட்டபோது விமானம் மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாக விழுந்தது. வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை மூக்கில் பொருத்தினார். அடுத்த வீச்சில் நான்கு கட்டுமரங்களைத் தாண்டிப் போய் மணலில் மெல்ல இறங்கியது. கெங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். வாசல் காவலர் தங்கப்பாண்டி மறித்தார்.

"ரெண்டு முழப் பலகை எப்படிய்யா வெளிய போச்சு?"

"எல்லாம் சாண் துண்டுங்க. ஒட்டு போட்டது."

"எங்க ஒட்டு? காட்டு."

காட்ட முடியவில்லை. மானேஜர் வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் தெரியவில்லை. "ஒட்டு இருந்தால் அங்கே உடையும். உடை" என்றார். வேலப்பன் முழங்காலில் வைத்து அழுத்தினார். பசை இலவ மரத்தைவிட உறுதி. இறக்கை ஒட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, நல்ல மரத்தில் முறிந்தது. தங்கப்பாண்டி சிரித்தார். துரை வருவதற்குள் வேலப்பனைத் திருடன் என்று சொல்லி வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இறக்கையை வெந்நீரில் போட்டார். பசை இளகி, துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மறுநாள் அவற்றை அள்ளிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"ராத்திரி உக்காந்து அறுத்தியா?" என்றார் தங்கப்பாண்டி.

அலி அக்பர் உள்ளே போய்ப் பேசிப் பார்த்தார். கிடைத்த பதில் இவ்வளவுதான்: குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் தொட்டி வேலை உண்டு, மாதிரி அறையைப் பற்றிப் பேசக் கூடாது.

"எயுதிக் குடுத்துடு. புள்ளைங்க துன்னணுமில்ல" என்றாள் கெங்கம்மா.

அவருக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தை எழுதியவன் நான். 'பலகை எடுத்தது தவறு' என்று எழுதினேன். 'திருடினேன்' என்று இருக்க வேண்டும் என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். என்னால் முடியாது என்று பேனாவை வைத்துவிட்டேன்.

"எயுதுப்பா. நான் இன்னா படிக்கவா போறேன்?" என்றார் வேலப்பன்.

எழுதினேன். அவர் பெருவிரலில் மை தடவிக்கொண்டு, எந்த இடத்தில் வைப்பது என்று என்னைக் கேட்டார்.